நீரடிமுத்து எண்ணெயும் திருமணி மருத்துவமனையும்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். 40 நிமிடப் பாடத்தைக் கொட்டாவி விடாமல் கேட்ட பிள்ளைகள்தானே நீங்கள், இதையும் பொறுமையாகப் படித்துவிடுங்கள். கடைசியில் கேள்வி கேட்க மாட்டேன்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. எந்த மரம் எந்த நோய்க்கு என்று ஒரு நீண்ட பட்டியல். வேம்பு, புங்கம், மருது, நாவல், அத்தி என்று போய்க்கொண்டே இருந்தது. பாதிக்கு மேல் நம் அம்மாவும் பாட்டியும் செய்ததுதான். அதன் நடுவே ஒரு வரி: "நீரடிமுத்து எண்ணெய் 48 நாள் பூசினால் தொழுநோய் அடியோடு போகும். ஆங்கில மருந்து தேவையில்லை." நான் எதுவும் சொல்லாமல் விட்டுவிட்டேன். குழுவில் எதற்கு வம்பு என்று நினைத்தேன்.

மறுநாள் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பெண் தனியாக எழுதியிருந்தாள். இப்போது அவளுக்கே கல்லூரி போகும் மகன் இருக்கிறான். "டீச்சர், எங்க அம்மா முதுகுல வெளிறின படை மாதிரி ஒண்ணு ஒரு வருஷமா இருக்கு. கிள்ளினாக்கூடத் தெரியலைங்கறாங்க. ஆஸ்பத்திரிக்கு வர வெட்கப்படுறாங்க. யாரோ இந்த எண்ணெய் வாங்கித் தர்றேன்னு சொல்றாங்க. வாங்கலாமா?" என்று கேட்டிருந்தாள்.

அவளுக்கு அன்றே பதில் சொல்லிவிட்டேன். ஆனால் இந்த எண்ணெய்க்கு ஒரு பெரிய வரலாறு உண்டு. அதில் ஒரு பகுதி நம் செங்கல்பட்டுப் பக்கத்திலேயே நடந்தது. இன்னொரு சின்னப் பகுதி என் வகுப்பறையில் நடந்தது. அந்த இரண்டையும் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் மரம். நீரடிமுத்து நம் கடற்கரை மரம் அல்ல. கோவளத்தில் நாம் பார்த்து வளர்ந்தது புன்னையும் பூவரசும் பனையும். நீரடிமுத்து மேற்குத் தொடர்ச்சி மலையில், ஈரமான காடுகளில் வளர்வது. மலையாளத்தில் மரோட்டி என்பார்கள். உருண்டைக் காய், கெட்டியான ஓடு, உள்ளே எண்ணெய்ச் சத்துள்ள விதைகள். கேரளத்தில் அந்த ஓட்டையே அகலாக்கி, அந்த எண்ணெயையே ஊற்றி விளக்கேற்றும் வழக்கம் உண்டு. நமக்கு அது நாட்டு மருந்துக் கடையில் விதையாகத்தான் தெரியும். சித்த மருத்துவத்தில் சேராங்கொட்டையோடு சேர்த்து 'நீரடிமுத்து வல்லாதி' என்று ஒரு மருந்தே தோல் நோய்களுக்கு இருக்கிறது. வடமொழியில் சுசுருதர் பெயரில் உள்ள மருத்துவ நூலும், மேற்குக் கடலோரத்தில் வளரும் 'துவரகம்' என்ற மரத்தின் எண்ணெயைக் குட்ட நோய்க்குச் சொல்கிறது. அது இந்த மரம்தான் என்பது அறிஞர்கள் கருத்து.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பழைய நூல்களில் 'குட்டம்' என்றால் இன்று நாம் தொழுநோய் என்று சொல்வது மட்டும் அல்ல. சித்த நூல்கள் குட்டத்தை 18 வகையாகப் பிரிக்கின்றன. படை, சொறி, செதிள் உதிரும் தோல் நோய் எல்லாம் அதில் அடக்கம். ஆகவே "குட்டத்துக்கு இது மருந்து" என்று ஏட்டில் இருந்தால், எந்தக் குட்டத்துக்கு என்று கேட்க வேண்டும். நம் வாட்ஸ்அப் பண்டிதர்கள் அதைக் கேட்பதில்லை.

நம் மருந்துகளை வெள்ளைக்காரர்கள் கவனித்தது எப்போது என்று சிலர் கேட்பீர்கள். அதிலும் செங்கல்பட்டுக்கு ஓர் இடம் உண்டு. ஒயிட்லா ஐன்ஸ்லி என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1788-ல் கிழக்கிந்தியக் கம்பெனி வேலையில் சேர்ந்தார். இந்தியா வந்ததும் அவருக்குக் கொடுத்த முதல் வேலை செங்கல்பட்டுக் கோட்டைப் படைக்கு மருத்துவர் வேலை. பிறகு பல ஊர்களில் வேலை பார்த்து, 27 ஆண்டுகள் ஒருமுறைகூட ஊருக்கு விடுப்பில் போகாமல் இங்கேயே இருந்தார். 1813-ல் சென்னையில் இந்திய மருந்துப் பொருள்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதை விரிவாக்கி 1826-ல் லண்டனில் இரண்டு தொகுதிகளாகக் கொண்டுவந்தார். இரண்டாம் தொகுதியில் நம் வைத்தியர்கள் கையாண்ட மருந்துகள் தமிழ்ப் பெயரின் வரிசையில்தான் வருகின்றன. ஆடாதோடையும் நொச்சியும் அந்தப் பெயர்களிலேயே லண்டனில் அச்சாகின.

ஆனால் நம் எண்ணெயை உலகம் முழுக்கப் பேசவைத்தது அதன் வடக்கத்திச் சொந்தம். வங்கத்திலும் பர்மாவிலும் சால்மூக்ரா என்று ஒரு மரத்து எண்ணெய் தொழுநோய்க்குப் பெயர் பெற்றிருந்தது. வங்காளத்தில் பணியாற்றிய மௌவட் என்ற மருத்துவர் 1854-ல் அதைப் பற்றி எழுதினார். அதன் பிறகு ஐரோப்பா முழுக்க அந்த எண்ணெய் போயிற்று. வேடிக்கை என்னவென்றால், எந்த மரத்தின் விதை என்பதிலேயே ஏறக்குறைய 50 ஆண்டுகள் தவறு நடந்தது. ஒரு மரத்தைச் சுட்டி "இதுதான் சால்மூக்ரா" என்று நம்பியிருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் உண்மையான விதை வேறு மரத்தினுடையது என்று தெரிந்தது. சந்தைப் பெயர் ஒன்று, மரம் வேறு! மூட்டையில் வந்த விதையைப் பார்த்து அரசாங்கமே ஏமாந்த கதை இது. பாட்டிலில் ஒட்டிய காகிதத்தைப் பார்த்து எண்ணெய் வாங்கும் நாம் எந்த மூலைக்கு?

1904 வாக்கில் லண்டனில் பவர் என்ற வேதியியலாளர் அந்த எண்ணெயிலிருந்து இரண்டு புதிய அமிலங்களைப் பிரித்தெடுத்தார். அவை நம் நீரடிமுத்து எண்ணெயிலும் இருந்தன. அதனால்தான் பின்னாளில் இந்தியாவில் பர்மா விதையை விட்டுவிட்டு, மலிவாகவும் புதிதாகவும் கிடைத்த நீரடிமுத்தைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள்.

இந்த எண்ணெயில் ஒரு பெரிய சங்கடம். குடித்தால் வயிற்றைப் புரட்டும். நோயாளிகள் "நோயே பரவாயில்லை" என்று நிறுத்திவிடுவார்கள். மேலே பூசினால் பெரிய பலன் இல்லை. ஊசியில் ஏற்றினால் கெட்டி எண்ணெய் தோலுக்கடியில் கரையாமல் கட்டியாக நிற்கும். இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவர் ஓர் இளம்பெண். பெயர் ஆலிஸ் பால். அமெரிக்கக் கறுப்பினப் பெண். ஹவாய்க் கல்லூரியில் வேதியியல் கற்பித்துக்கொண்டே, 1915, 1916-ஆம் ஆண்டுகளில், எண்ணெயின் அமிலங்களை உடம்பு ஏற்றுக்கொள்ளும் வடிவத்துக்கு மாற்றினார். 1916 கடைசி நாளில் இறந்துபோனார். வயது 24. அவர் வேலையைக் கல்லூரித் தலைவர் தன் பெயரில் வெளியிட்டார். பெண்ணின் பெயர் பல ஆண்டுகள் மறைந்தே கிடந்தது. 2000-ல்தான் அந்தப் பல்கலைக்கழகம் தன் வளாகத்துச் சால்மூக்ரா மரத்தடியில் அவர் பெயரைப் பொறித்தது. பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதை வீட்டில் சொல்லுங்கள். அதே காலத்தில் கல்கத்தாவில் ரோஜர்ஸ், அவருக்குப் பின் மியூர் ஆகிய மருத்துவர்களும் நீரடிமுத்து எண்ணெயிலிருந்து ஊசி மருந்து செய்துகொண்டிருந்தார்கள்.

இப்போது நம் ஊர்ப்பக்கம் வருவோம். செங்கல்பட்டிலிருந்து சற்றுத் தள்ளித் திருமணி என்ற ஊர். 1920-களின் நடுவில் அங்கே லேடி வெலிங்டன் பெயரில் தொழுநோயாளிகளுக்கு ஒரு பெரிய குடியிருப்பு தொடங்கப்பட்டது. 1930-களின் நடுவில் ராபர்ட் காக்ரேன் என்ற மருத்துவர் அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். சீனாவில் மருத்துவப் பணி செய்த ஒரு மிஷனரியின் மகன். அந்தக் காலத்தில் திருமணியிலும் நாடு முழுக்கவும் கொடுத்தது இந்த எண்ணெய் ஊசிதான்.

அதைப் பற்றிப் புத்தகத்தில் படிக்கும் முன்பே நான் ஒருவர் வாயால் கேட்டேன்.

1984. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். கடற்கரையோர ஊர் ஒன்றில் பள்ளி. என் வகுப்பில் ஒரு பையன். அப்பா கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. தாத்தாதான் மதியச் சோறு கொண்டுவந்து வாசல் பூவரசு மரத்தடியில் நின்று கொடுப்பார். உள்ளே வரவே மாட்டார். வலது கையில் இரண்டு விரல் மடங்கியிருக்கும். ஒருநாள் உடன் வேலை பார்த்தவர் ஒருவர், "அந்த ஆள் திருமணியில இருந்தவர், தெரியாதா?" என்றார்.

அன்று மதியமே நான் அந்தப் பையனைப் பெஞ்சிலிருந்து எழுப்பி, ஜன்னலோரமாகத் தனியே உட்காரவைத்தேன். காரணம் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. இரண்டே நாளில் அவனோடு யாரும் விளையாடவில்லை. தண்ணீர்ப் பானைக்கு அவன் போனால் மற்றவர்கள் ஒதுங்கினார்கள். யாருக்கும் தெரியாமல் நான் செய்ததாக நினைத்த காரியம் ஊருக்கே தெரிந்துபோயிற்று.

ஐந்தாறு நாள் கழித்து, பள்ளி விட்டதும் பெரியவர் வாசலில் நின்றார். "டீச்சரம்மா, ஒரு பேச்சு" என்றார். கோபமே இல்லை. மரத்தடியில் தள்ளி நின்றபடி சொன்னார்.

"எனக்கு இருபது வயசுல வந்துச்சும்மா. வீட்ல தனியா குடிசை போட்டு வெச்சாங்க. அப்புறம் திருமணிக்குக் கொண்டுபோய் விட்டாங்க. வாரத்துக்கு ரெண்டு ஊசி. எண்ணெய். சூடு பண்ணி ஏத்துவாங்க. படை இருக்கற எடத்துலயே சுத்திச் சுத்திக் குத்துவாங்க. போட்ட எடம் கல்லு மாதிரி ஆயிடும். ராத்திரி காய்ச்சல் அடிக்கும். அழுதுகிட்டே அடுத்த ஊசிக்கு நிப்போம். வேற என்னா இருக்குது? அதைத்தான் நம்பிக் கெடந்தோம்."

"சரியாச்சா ஐயா?" என்று கேட்டேன்.

"சில பேருக்குப் படை மறைஞ்சுது. எனக்கும் மறைஞ்சுது. அப்புறம் திரும்ப வந்துச்சு. வெள்ளைக்காரன் போற சமயத்துல வேற மருந்து வந்துது. பால் மாதிரி இருக்கும். அதுலதான் எனக்கு நின்னுச்சு. கெருமி இல்லேன்னு காயிதம் குடுத்து அனுப்பினாங்க. முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு. என் பொண்டாட்டிக்கு வரலை, புள்ளைக்கு வரலை. பேரனுக்கு எங்கேர்ந்து வரும்? நான் வேணும்னா தெருக்கோடியிலயே நின்னுக்கறேன். புள்ளைய மட்டும் பழைய எடத்துல உக்கார வைங்கம்மா."

மடங்கிய விரல்களைப் பற்றியும் அவரே சொன்னார். நோய் அழுக வைத்ததில்லையாம். உணர்ச்சி இல்லாததால் அடுப்பிலிருந்து பானையை வெறுங்கையால் இறக்கிச் சுட்டுக்கொண்டாராம், பல முறை.

மறுநாள் பையனைப் பழைய இடத்தில் உட்காரவைத்தேன். நானே அவன் பக்கத்தில் உட்கார்ந்து மதியம் சாப்பிட்டேன். ஆனால் எல்லோர் முன்னாலும் "நான் செய்தது தப்பு" என்று சொல்லவில்லை. அந்தத் துணிச்சல் அன்று எனக்கு இல்லை. பெரியவரிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டேன். அவர் "பரவாயில்லைம்மா, படிச்சவங்க பயப்படறது சகஜம்" என்றார். அந்த வார்த்தை இன்றும் காதில் இருக்கிறது.

பிற்பாடு புத்தகங்களைத் தேடிப் படித்தபோது பெரியவர் சொன்ன ஒவ்வொன்றும் வரலாற்றில் இருந்தது. அந்தப் 'பால் மாதிரி' மருந்தின் பெயர் டாப்சோன். 1941-ல் அமெரிக்காவில் கார்வில் என்ற இடத்தில் அந்த இனத்தைச் சேர்ந்த ஒரு மருந்தைத் தொழுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டார்கள். அது விலை கூடியது, நரம்பில் ஏற்ற வேண்டியது. அதன் மூலப் பொருளான டாப்சோன் மலிவு. ஆனால் மனிதருக்கு நஞ்சு என்று மருத்துவ உலகம் அஞ்சி ஒதுங்கியது. மாடுகளின் மடிநோய்க்குத்தான் அதைக் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். 1946-ல் காக்ரேன் அதைக் கடலை எண்ணெயில் கலந்து, திருமணியில் ஊசியாகப் போட்டுப் பார்த்தார். பலன் தெரிந்தது. டாப்சோனைத் தொழுநோய்க்கு முதன்முதலில் கொடுத்துப் பார்த்த இடங்களில் ஒன்று நம் செங்கல்பட்டு. சில ஆண்டுகளில் குறைந்த அளவில் மாத்திரையாகவே கொடுக்கலாம் என்று தெரிந்தது. ஊசி வரிசை முடிந்தது. நீரடிமுத்து எண்ணெயின் காலமும் மெல்ல முடிந்தது.

பெரியவரின் விரல் விஷயமும் அதே இடத்தில்தான் தொடங்குகிறது. கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1947-ல் காக்ரேனைப் பார்க்கத் திருமணி வந்தார். மடங்கிய கைகளோடு இருந்தவர்களைப் பார்த்து, "இதற்கு ஏன் யாரும் எதுவும் செய்யவில்லை?" என்று யோசித்தார். அடுத்த ஆண்டே வேலூரில் தசைநாண்களை மாற்றிப் பொருத்தி விரலை நிமிர்த்தும் அறுவையைத் தொடங்கினார். விரல்கள் நோயால் அழுகி விழுவதில்லை, உணர்ச்சி போனதால் படும் காயங்களால்தான் தேய்கின்றன என்று உலகுக்கு எடுத்துக்காட்டியவர் அவர். நம் பெரியவருக்கு அந்த அறுவை கிடைக்கவில்லை. ஆனால் அந்த உண்மை அவருக்குத் தன் அனுபவத்திலேயே தெரிந்திருந்தது.

1955-ல் திருமணியை மத்திய அரசு எடுத்துக்கொண்டது. இன்று அது மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையம். டாப்சோனை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்ததில் கிருமி அதற்குப் பழகிவிட்டது. அதனால் 1981-ல் உலக சுகாதார நிறுவனம் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. 6 மாதம், நோய் அதிகமாயிருந்தால் 12 மாதம். அவ்வளவுதான். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். சிகிச்சை தொடங்கிய கொஞ்ச நாளிலேயே பிறருக்குப் பரவுவது நின்றுவிடுகிறது. தவிர, 100 பேரில் 95 பேருக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி இயற்கையிலேயே உண்டு. பெரியவரின் குடும்பத்தில் யாருக்கும் வராததில் அதிசயம் ஒன்றும் இல்லை.

2005 இறுதியில் இந்தியாவில் தொழுநோய் 10,000 பேருக்கு ஒருவருக்கும் கீழே வந்துவிட்டது என்று அரசு அறிவித்தது. அதைப் பலர் "ஒழிந்தே போய்விட்டது" என்று புரிந்துகொண்டார்கள். இல்லை. இன்றும் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேர் அளவில் நம் நாட்டில் புதிதாகக் கண்டறியப்படுகிறார்கள். உலகக் கணக்கில் அது பாதிக்கும் மேல். மருந்து இருக்கிறது, இலவசமாக இருக்கிறது. தடையாக நிற்பது வெட்கம். அதற்குச் சட்டமும் துணை போயிற்று. தொழுநோயாளிகளை ஒதுக்கிவைக்க வெள்ளைக்காரன் 1898-ல் போட்ட சட்டம் 2016-ல்தான் நீக்கப்பட்டது. கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்றால் விவாகரத்துக் கேட்கலாம் என்ற பிரிவு 2019-ல்தான் எடுக்கப்பட்டது.

அப்படியானால் நீரடிமுத்து பொய்யா என்று கேட்பீர்கள். பொய் இல்லை. கிருமி என்றால் என்னவென்றே தெரியாத காலத்தில், ஆயிரக்கணக்கான மரங்களுக்கு நடுவே, தொழுநோயில் கொஞ்சமாவது வேலை செய்யும் ஒரு விதையை நம் முன்னோர் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஹான்சன் என்ற நார்வே மருத்துவர் கிருமியைக் கண்டதே 1873-ல்தான். வேறு மருந்தே இல்லாத காலத்தில் உலகம் முழுக்க நோயாளிகள் பற்றிக்கொண்ட கொம்பு அந்த எண்ணெய். அதற்காகப் பெருமைப்படலாம். ஆனால் அது அரை வெற்றிதான். அதைவிட நல்ல மருந்து வந்ததும் காக்ரேன் எண்ணெயைக் கட்டிக்கொண்டு அழவில்லை. பெரியவரும் அழவில்லை. 2000 வருடத்துக்கு முந்தைய வைத்தியர் இன்று இருந்தால் அவரும் அழமாட்டார். இருப்பதில் சிறந்ததைக் கொடுப்பதுதானே வைத்தியம்?

என் வீட்டிலும் சளிக்கு நொச்சி ஆவிதான். அம்மை கண்டால் வேப்பிலைதான். நான் கைவைத்தியத்துக்கு விரோதி இல்லை. ஆனால் உணர்ச்சியில்லாத படை ஒன்று உடம்பில் இருந்தால், கடையில் விற்கும் எண்ணெயைப் பூசிக்கொண்டு 48 நாள் காத்திருக்கக் கூடாது. அந்த 48 நாளில் நரம்பு செத்துக்கொண்டே இருக்கும். படை மறையலாம், விரல் மடங்கிவிடும். மடங்கியதை எந்த மாத்திரையும் நிமிர்த்தாது. ஆகவே வெளிறிய அல்லது செம்புநிறப் படை, அதில் தொட்டால், கிள்ளினால், சூடு பட்டால் தெரியவில்லை என்றால் நேரே அரசு சுகாதார நிலையம். வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

எனக்கு எழுதிய பெண் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பரிசோதனை நடக்கிறது. எதுவாக இருந்தாலும் ஆரம்பத்திலேயே போனது நல்லது.

கடைசியாக ஒன்று. 1984-ல் ஜன்னலோரம் உட்காரவைக்கப்பட்ட அந்தப் பையன் இன்று பேரன் எடுக்கும் வயதை நெருங்கியிருப்பான். இந்தப் பதிவு அவன் கண்ணில் படலாம். பெயர் சொல்ல மாட்டேன், ஊரும் சொல்ல மாட்டேன். உன் தாத்தாவிடம் மன்னிப்புக் கேட்டேன், உன்னிடம் கேட்கவில்லை. நாற்பது வருடம் தாமதம்தான். அன்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டியதை இன்று என் மாணவர்கள் அத்தனை பேர் முன்னாலும் சொல்கிறேன். நான் செய்தது தப்பு. மன்னித்துவிடு அப்பா.

மற்றவர்கள், அந்த 48 நாள் செய்தி உங்கள் குழுக்களிலும் சுற்றினால், அதன் கீழே இந்தப் பதிவைப் போட்டுவிடுங்கள். நான் குழுவில் வாயை மூடிக்கொண்டு இருந்தது போல இருக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
கோவளம்